பிள்ளைக்கு வளையம், அப்பனுக்குச் சுரைக்கூடு

வாப்பா பேராண்டி, வா. காரை அந்த வேப்பமரத்து நிழல்ல விடு. இந்தத் தடவை சரியான ஆலங்குளத்துக்கே வந்து சேந்துட்டியே, அதுவே பெரிய காரியம். போன தடவை செல்லு சொன்ன வழியில போயி, தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்துல நின்னுக்கிட்டு, "தாத்தா, வீட்டைக் காணோம்"னு போன் போட்டவன்தான நீ. நம்மது சிமெண்ட் ஆலங்குளம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 1970-ல இங்க சிமெண்ட் ஆலை வந்ததுல இருந்து அதுதான நமக்கு அடையாளம். உன் செல்லுக்கு அது தெரியல போல.

பாப்பாவை இப்படிக் கொடு. ஏ தாயி, கொள்ளுத்தாத்தனைப் பாத்து ஏன் மூஞ்சியச் சுழிக்கிற? மீசை குத்துதாக்கும். அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சா? கழுத்து நின்னுருச்சு, கவுந்து படுக்குது, கையில கெடைச்சதை வாய்க்குக் கொண்டு போகுது. எல்லாம் முறையாத்தான் நடக்கு. இது மூஞ்சி அப்படியே சிவகாசிக் காலண்டர்ல அச்சடிச்ச பிள்ளை மாதிரி இருக்கு. உன் ஜாடை இல்ல, பிழைச்சுச்சு.

அது என்னப்பா அம்புட்டுப் பெரிய பை? பொண்ணு வீட்டுச் சீர்வரிசை கணக்கா இருக்கு. திண்ணையில எடுத்து வை, பாப்போம். இது என்ன, ரப்பர்ச் சட்டையா? தண்ணியில நனையாம இருக்கவா, நனையவா? சரி, குளிர் தாங்கவாம். இது தண்ணியில ஊறிப் பெருக்காத ஜட்டி. சரி, அது வேணும், குளத்துல குளிக்கிற மத்தவங்களும் மனுசங்கதான. இது கண்ணாடி. அஞ்சு மாசத்துப் பிள்ளைக்கு மூக்கே இன்னும் சரியா எந்திரிக்கல, கண்ணாடி எதுல நிக்கும்? வாத்து பொம்மை சரி. இது என்னடா, வட்டமா, நடுவுல ஓட்டை வச்சு?

கழுத்துல மாட்டுறதா?

நானும் எம்பது வருசமா மாடு கன்னு மேய்க்கிறேன். ஓடுற கன்னுக்குக் கழுத்துல கட்டை கட்டித் தொங்கவிடுவோம், முன்னங்காலு தட்டும், ஓட்டம் குறையும். பயிரை மேயிற மாட்டுக்கு வாய்க்கூடு போடுவோம். கழுத்துல மாட்டுறது எல்லாமே அடக்குறதுக்குத்தான் பாத்திருக்கேன். நீ மிதக்கவிடுறதுக்கு மாட்டப் போறேங்கிற. பாப்பா தலை மட்டும் வளையத்துக்கு மேல, உடம்பு பூராம் தண்ணிக்குள்ள தொங்கும். திருவிழாக் கடையில பலூனைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

உன் பொண்டாட்டி ஒண்ணும் பேசாம செல்லைத் தடவிக்கிட்டு இருந்தா. இப்ப வாசிக்கிறா கேளு. அமெரிக்காக்காரன், மருந்து மாத்திரைக்கெல்லாம் முத்திரை குத்துற ஆபீசு வச்சிருக்கானே, அவனே 2022-ல, கைப்பிள்ளைக்குக் கழுத்து வளையம் மாட்டாதீங்கன்னு எச்சரிச்சிருக்கானாம். ஒரு பிள்ளை செத்துப் போச்சு, ஒரு பிள்ளை ஆசுபத்திரியில கெடந்துச்சுன்னு போட்டிருக்காம். காத்து இறங்கிரும், பிள்ளை நழுவிரும், கழுத்து நரம்பும் இழுபடும். இதை வாங்குறதுக்கு முன்னாடி வாசிச்சிருக்கக் கூடாதாடா? வாங்குனதுக்கு அப்புறம் அவ வாசிக்கிறா. பரவாயில்ல, வீட்டுல ஒரு ஆளாவது வாசிக்குது.

சரி, இனி விசயத்துக்கு வருவோம். குத்தாலத்துப் பக்கம் ஏதோ விடுதியில ரூம் போட்டிருக்க. ஞாயித்துக்கிழமை காலையில பாப்பாவை முதமுதலா நீச்சல் குளத்துல இறக்கப் போற. வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டப் போற. நான் என்ன வேண்டாங்கவா போறேன்? நெருப்பை வச்சுப் பிழைக்கிற சீமை இது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தாவுக்கு ரயிலேறி, தீப்பெட்டி செய்யப் படிச்சுட்டு வந்தது எதுக்காம்? வானம் பாத்த பூமி, வெள்ளாமை கைகொடுக்கல. காயப்போட்ட குச்சி நனையாதது ஒண்ணுதான் இந்த ஊருக்கு வரம். அப்பேர்ப்பட்ட மண்ணுல பிறந்த வம்சத்துல ஒரு பிள்ளை தண்ணியில இறங்குதுன்னா எனக்குப் பெருமைதான்.

ஆனா "நீச்சல் பழக்கப் போறேன்"னு சொன்ன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. அது பழகிட்டுத்தான் வந்திருக்கு. ஆத்தா வயித்துல பனிக்குடத்துக்குள்ள பத்து மாசம் மல்லாக்கவும் குப்புறவும் நீந்துன பிள்ளைக்கு, நீ அரைமணி நேரத்துல என்ன கத்துக்கொடுக்கப் போற?

சின்னப் பிள்ளை தண்ணிக்குள்ள முங்குனா மூச்சை அடக்கிக்கிடும், கையைக் காலை அடிக்கும். அதைப் பாத்துட்டு, "ஆகா, எம்பிள்ளை பிறவி நீச்சல்காரன்"னு துள்ளுறது ஒரு சாதி. மிர்ட்டில் மெக்ரானு ஒரு அமெரிக்க அம்மா 1939-லயே கைப்பிள்ளைகளைத் தண்ணியில விட்டுப் பாத்து எழுதி வச்சிருக்கு. பிறந்த பிள்ளை தண்ணியில காட்டுற அந்த அடி, கொஞ்ச மாசத்துல தானா மறைஞ்சு போகும், அப்புறம் வெறும் தத்தளிப்புதான். தும்மல் மாதிரி அது ஒரு அனிச்சை. தும்முறவனை எல்லாம் பாட்டுக்காரன்னு சொல்லுவியா? மூச்சை அடக்குதேன்னு நீ முங்கவச்சுப் பாக்காத. வாய் வழியாத் தண்ணியை மடக்கு மடக்கா முழுங்கிரும். அவ்வளவு சின்ன உடம்புல தண்ணி சேந்துட்டா ரத்தத்துல உப்புச்சத்து இறங்கி, வலிப்பு வரைக்கும் கொண்டு போயிரும். அமெரிக்கப் பிள்ளை டாக்டர்மாரு சங்கம் 2019-ல தெளிவாச் சொல்லிருச்சு: ஒரு வயசு தாண்டுன பிள்ளைக்கு நீச்சல் பழக்குனா பிரயோசனம் உண்டு, ஒரு வயசுக்குள்ள பழக்குறதால முங்கிச் சாகாதுங்கிறதுக்கு ஒரு அத்தாட்சியும் இல்ல. இதையும் உன் பொண்டாட்டிதான் வாசிச்சா. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே ஆடு ஓடிப் போச்சுன்னு தேடித்தான்.

ஈரோட்டுப் பய குற்றாலீசுவரன், 12, 13 வயசுல, 1994-ஆம் வருசம் ஒரே வருசத்துல ஆறு கடல் கால்வாயை நீந்துனான். அதுக்கு முன்னாடி மிகிர் சென் 1966-ல அஞ்சு நீந்துனதுதான் பெருசா இருந்துச்சு. பேப்பர்ல படம் போட்டு வந்தப்ப நம்ம டீக்கடையே எந்திரிச்சு நின்னுச்சு. அவன் கழுத்துல வளையம் மாட்டிப் பழகுனான்னு எந்தப் பேப்பர்லயும் போடல.

அதனால, குளத்துல இறங்குறது பிள்ளை நீந்தறதுக்கு இல்ல. தண்ணின்னா பயப்படுற சங்கதி இல்ல, அப்பன் நெஞ்சோட ஒட்டிக்கிட்டு மிதக்கலாம்ங்கிற ஒரு நெனப்பு அதுக்குள்ள போகட்டும். அம்புட்டுத்தான் வேலை. அதுக்கு வேண்டியது ஒரே ஒரு சாமான். பயப்படாத அப்பன்.

இப்ப சொல்லு. உனக்கு நீச்சல் தெரியுமா?

ஏன் தலையைச் சொறியுற? கடப்பாரை நீச்சல் மட்டும் தெரியும்னு சொல்லு, ஒத்துக்கிறேன். போட்டா நேரா அடிக்குப் போகும், பிறகு வராது. நம்ம வீட்டுலயே அதுக்கு ரெண்டு ஆளு இருக்கீங்க, நீயும் உங்கப்பனும்.

சிரிச்சுக்கிட்டே சொல்றேன், ஆனா அதுல ஒரு முள்ளு இருக்கு. இந்தத் தெருவுல நாப்பது அம்பது பயலுகளுக்கு நீச்சல் பழக்குனவன் நான். அப்ப நம்ம தோட்டத்துக் கிணத்துல கமலை ஓடும். சுரைக்கூட்டை முதுகுல கட்டி, இடுப்புல ஒரு கயித்தைப் போட்டு, மேல இருந்து பிடிச்சுக்கிட்டு, "அடிடா காலை, அடிடா காலை"ன்னு கத்துவேன். சுரைக்கூடு இல்லாதவனுக்கு மண்ணெண்ணெய் டின்னு. பத்து நாள்ல முங்கு நீச்சல், ஒரு மாசத்துல படிக்கட்டுல இருந்து தலைகீழ்ச் சொருகு. பொறுமையா பழக்குவேன்னு ஊருக்குள்ள எனக்குப் பேரு. ஊரான் பிள்ளைக்குப் பொறுமை. எம்பிள்ளைக்கு மட்டும் பொறுமை இல்ல. உங்கப்பனுக்கு ஆறு வயசு. சுரைக்கூட்டைக் கட்டவிட மாட்டேன்னு அழுதான். நாலு பேரு பாத்துச் சிரிச்சானுக. எனக்கு வீம்பு வந்துருச்சு. "போட்டாத் தானா வருவான்"னு தூக்கிக் கிணத்துக்குள்ள போட்டுட்டேன். போட்ட வேகத்துல நானும் குதிச்சுத் தூக்கிட்டேன், ஒண்ணும் ஆகல. ஆகலன்னுதான் அன்னைக்கு நினைச்சேன். உங்கப்பனுக்கு இப்ப அறுபது. வாளித் தண்ணியைத் தாண்டி இன்னும் ஒரு தண்ணியில காலை வைக்கல. ராமேசுவரத்துக்குப் போயி, கடல்ல இறங்காம செம்புல மோந்து தலையில தெளிச்சுட்டு வந்த ஒரே ஆளு அவன்தான். அவன் இறங்கல, உன்னை இறங்கவிடல. நீ கடப்பாரையா ஆனதுக்கு மூலம் உங்கப்பன் இல்ல. மீசையோட உக்காந்திருக்கிற நான்.

அதுக்குள்ள போர் போட்டானுக, ஆயிரம் அடிக்குக் கீழ தண்ணி போச்சு, கிணத்துல கருவேலம் முளைச்சுச்சு. பழக்குறதுக்குக் கிணறும் இல்ல, பழக்குற ஆளுக்கு வேலையும் இல்ல. ஐப்பசி கார்த்திகையில கண்மாய் பெருகும்போதும், கல்லு வெட்டுன பள்ளத்துல மழைத்தண்ணி நிக்கும்போதும், நீச்சல் தெரியாத பயலுக வரிசையா இறங்குறானுக. அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ரெண்டுன்னு வருசாவருசம் பேப்பர்ல படிக்கிறோம். தண்ணி நிறைஞ்சு கெடந்த காலத்துல இம்புட்டுப் பிள்ளைக போகல. தண்ணி போனப்புறம்தான் தண்ணியில போகுதுக.

ஆக, நீ பாப்பாவுக்குத் தண்ணியைக் காட்டணும்னு நினைச்சது தப்பே இல்ல. உங்கப்பனுக்கு நான் காட்டுன விதத்துல காட்டாத, அவ்வளவுதான். அழுதா வெளிய வந்துரு. சிரிச்சா இன்னும் அஞ்சு நிமிசம் இரு. நாலு பேரு பாக்குறானுகளேன்னு எதையும் செய்யாத. வீடியோவுல பாக்குறவனும் அந்த நாலு பேருல சேத்திதான்.

தண்ணிச் சூட்டைப் பாத்துட்டு இறக்கு. விடுதிக் குளத்துத் தண்ணி நமக்குச் சுகமா இருக்கும், அதுக்கு நடுங்கும். அது உடம்பு சின்னது, சூடு சீக்கிரம் இறங்கிரும். ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கிற பிள்ளைக்கு 32 டிகிரியாவது இருக்கணுமாம். சாதாரணக் குளம் 26, 28-லதான் இருக்கும். விடுதிக்காரன்கிட்ட டிகிரியைக் கேட்டா அவன் முழிப்பான், நீயே பாத்துக்க. உங்கப்பத்தா பிள்ளை குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி முழங்கையைத் தண்ணிக்குள்ள விட்டுப் பாப்பாளே, அந்தப் பழக்கத்தைக் கத்துக்க. முதல் நாளைக்குப் பத்து நிமிசம் போதும். உதடு நீலம் பாரிச்சாலோ, நடுங்கினாலோ உடனே வெளிய வந்து துண்டுல சுத்தி நெஞ்சோட அணைச்சுக்க. வயித்தோட்டம் இருந்தா நின்னு ரெண்டு நாள் ஆகுற வரைக்கும் குளத்துப் பக்கமே போகாத. அது உன் பிள்ளைக்காகச் சொல்லல, அதே தண்ணியை வாயில வைக்கப் போற அடுத்தவன் பிள்ளைக்காகச் சொல்றேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சுரு. பிடிக்கிறதுன்னா ரெண்டு அக்குளுக்கும் அடியில கையைக் கொடுத்து, மூஞ்சிக்கு மூஞ்சி பாத்த மாதிரி, தோள்பட்டை வரைக்கும் தண்ணி இருக்கிறாப்புல பிடி. அது கண்ணு உன் கண்ணைத்தான் பாக்கும். உன் கண்ணுல பயம் இருந்தா அதுக்கும் வரும்.

செல்லை என்ன பண்றது? நல்ல கேள்வி. நம்ம சீமையில பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போறவன் செல்லை என்ன பண்றான்? வாசல்லயே கொடுத்துட்டு உள்ள போறான். மருந்துக்குப் பக்கத்துல செல்லு ஆகாது, கவனம் வேற பக்கம் போகக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். அந்த அறைக்குள்ள இத்தனை பேருதான் இருக்கணும், அதுக்கு மேல ஒருத்தன் கூடுனாலும் தப்புன்னு கணக்கு வேற இருக்கு. தண்ணிக்குள்ள பிள்ளையை வச்சிருக்கிறவனும் மருந்தைக் கையில வச்சிருக்கிறவன்தான். அதனால உன் செல்லை உன் பொண்டாட்டி கையில கொடு. அவ எடுத்தா எடுக்கட்டும், இல்லைன்னா விடு. "ஒரே ஒரு செல்பி"ன்னு ஒத்தைக் கையில பிள்ளையைப் பிடிக்கிற அப்பனைப் பாத்தா எனக்குக் கை பரபரங்குது.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. குளத்துக்கு இம்புட்டு யோசிக்கிறியே, சென்னையில உன் வீட்டுக் குளியலறையில என்ன இருக்கு? ரெண்டு வாளி, எப்பவும் நிறைச்சு வச்சிருப்பீங்க, தண்ணி எப்ப நிக்கும்னு தெரியாது பாரு. பாப்பா இன்னும் ரெண்டு மூணு மாசத்துல தவழும், பிறகு பிடிச்சு நிக்கும். அந்த வயசுப் பிள்ளைக்கு உடம்புல தலைதான் கனம். வாளியை எட்டிப் பாத்து உள்ள விழுந்தா காலு ரெண்டும் மேல, தலை கீழ. எந்திரிக்கத் தெரியாது. நாலு விரக்கடைத் தண்ணி போதும். கத்தும்னு நினைக்காத, தண்ணியில போற பிள்ளை கத்தாது. எங்க தெருவுல ஒரு வீட்டுல அப்படித்தான், மாட்டுக்கு வச்ச கழனித்தொட்டியில. அவங்காத்தா பத்தடி தூரத்துல சோளம் புடைச்சுக்கிட்டு இருந்தா. அவ அதுக்கப்புறம் சொளகைக் கையால தொடல.

உலகத்துலயே 2021-ல மட்டும் மூணு லட்சம் பேரு தண்ணியில போயிருக்காங்க, அதுல நாலுல ஒண்ணு அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குப் போட்டிருக்காம். வாளியைக் கவுத்து வை. கீழ்த்தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடு. ரப்பர்ச் சட்டைக்குக் கொடுத்த காசுல நாலு பூட்டு வாங்கலாம்.

என்ன, அப்பத்தா உள்ள இருந்து சிரிக்கிறா? "பேரனை மட்டும் வையிறீங்களே, நம்ம லெச்சணம் என்ன"ங்கிறா. அவ சொல்றதும் சரிதான். நம்ம கெழவிக ஒண்ணும் லேசுப்பட்டவளுக இல்ல. காலை நீட்டி உக்காந்து, முழங்காலுக்குக் கீழ பிள்ளையைப் போட்டு, பதமாச் சுடுதண்ணி ஊத்தி, உருவிவிட்டுக் குளிப்பாட்டுற அழகு இருக்கே, அதை எந்த விடுதியிலயும் பாக்க முடியாது. ஆனா அதோட நிறுத்தமாட்டாளுக. மூக்குல எண்ணெய் விடுவாளுக, காதுல எண்ணெய் விடுவாளுக, வாயை வச்சு மூக்குல ஊதிச் சளி எடுக்கிறேம்பாளுக. மூக்குல விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போயி உக்காந்துக்கிடும், நெஞ்சு கெட்டுப் போகும்னு நம்ம ஆசுபத்திரி நர்ஸம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. உங்கப்பத்தா கேப்பாளா? "உங்களை எல்லாம் அப்படித்தான வளத்தேன்"ங்கிறா. வளத்த லெச்சணம்தான் உங்கப்பனைப் பாத்தாலே தெரியுதேன்னு சொன்னேன். மூணு நாள் எனக்கு வெஞ்சனம் இல்லாம வெறும் மோருதான். ஆகவே பாப்பா குளிக்கும்போது நீ பக்கத்துல நின்னுக்க. எண்ணெய்க் கிண்ணியை மட்டும் எட்டாத இடத்துல வச்சுரு. குளிப்பாட்டுறதைக் கெடுத்துராத. பிள்ளைக்கு முதல் நீச்சல் குளம் அவ கெண்டைக்காலுதான்.

இப்ப உன் காரியத்துக்கு வருவோம். இன்னைக்கு வெள்ளி. விடுதி ஞாயித்துக்கிழமைதான. நாளைக்கு வெடியக் காலையில மேகாட்டுப் பம்புசெட்டுத் தொட்டிக்கு வந்து சேரு. தொட்டி உன் நெஞ்சளவுதான், மூணு போகம் நெல்லுக்கு ஓடுன தொட்டி, இப்ப உனக்கு ஓடட்டும். அட்டத்துல ஒரு சுரைக்கூடு கெடக்கு, தூசி தட்டணும். உன் முதுகுக்குச் சரியா இருக்குமான்னு தெரியல, நீ கொஞ்சம் அகலமாத்தான் வளந்திருக்க. கயிறு நான் கொண்டாறேன். ஒரே நாள்ல நீந்தப் போறது இல்ல. தண்ணிக்குள்ள தலையை விட்டு மூச்சு ஊதவும், கையைக் காலைத் தளரவிட்டு மல்லாக்க மிதக்கவும் பழகிட்டாப் போதும். மிதக்கத் தெரிஞ்சவனுக்குப் பயம் பாதி போயிரும். மிச்சத்தை மாசாமாசம் வந்து பழகு, பழக்குறதுக்கு நான் இருக்க வரைக்கும். ஞாயித்துக்கிழமை குளத்துல இடுப்பளவுத் தண்ணியைத் தாண்டாத.

உங்கப்பனையும் கூட்டிட்டு வா. இறங்கச் சொல்லமாட்டேன். தூக்கியும் போடமாட்டேன், அந்தச் சத்தியத்தை அவன்கிட்டயே பண்ணித் தாரேன். தொட்டி வரப்புல உக்காந்து காலை மட்டும் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு, பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு, உன் கூத்தைப் பாக்கட்டும். பாப்பா காலும் கொஞ்சம் நனையட்டும். அவன் காலை விடுறானா இல்லையான்னு நான் கண்டுக்காத மாதிரி இருந்துக்கிறேன்.

சரி, சாமானை எல்லாம் எடுத்து உள்ள வை. ஜட்டி இங்க, சட்டை இங்க, வாத்து பாப்பா வாயில. கழுத்து வளையத்தைக் காணோம்னு தேடாத. நாம பேசிக்கிட்டு இருக்கும்போதே உங்கப்பத்தா எடுத்துட்டுப் போயி, தண்ணிப் பானைக்குப் புரிமணையா வச்சுட்டா. பழைய வைக்கோல் புரி நைஞ்சு போச்சுன்னு ஒரு மாசமா என்னைய வஞ்சுக்கிட்டு இருந்தா. போய்ப் பாரு, பானை ஆடாம அசையாம நிக்குது.